ஆண்பிள்ளைக்கு ஆகாத வீடு

நவம்பர் 3, புதன்

காலையிலிருந்து மழை. அடுப்படியில் அதே மூலையில் ஒழுகல். பித்தளைப் போணியை வைத்தாயிற்று. ஓடு மாற்றச் சொல்ல வேண்டும். யாரிடம்? வீட்டுக்காரம்மாளிடம். அவரோ வீட்டையே விற்கப் போகிறார்.

இது போன வருஷத்து டைரி. பஞ்சு ஏஜெண்டு கொடுத்தது. அப்போது எழுதவில்லை. யுத்தத்தில் காகிதம் இருக்கிற இருப்பில் புதுசுக்கு எங்கே போவது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

வீட்டுக்காரம்மாள் தாயம்மாள் ஆடியிலேயே சொல்லிவிட்டார். "குமாஸ்தா தம்பி, வீட்டக் குடுத்துரலாம்னு இருக்கேன். வத்திராயிருப்புப் பக்கம் கொஞ்சம் வயல் வாங்கிப் போட்டா, பட்டாளத்துலருந்து வாரவன் உழுது சாப்பிடுவான். நாலு வருசமா இருக்கிய. நீங்க எடுக்கதுன்னா மொதல்ல உங்களுக்குத்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆடி போய் ஐப்பசியும் பாதி போய்விட்டது. இன்னும் யோசிக்கிறேன்.

வாங்கினால்: என் சம்சாரம் எஸ்தரின் சங்கிலி போகும். மச்சினனிடம் போய் நிற்க வேண்டும். யுத்தம் முடிந்தபின் பட்டாள ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக்கு இத்தனை கிராக்கி இருக்குமா? மில் மூன்று ஷிப்ட் ஓடுமா? டைம் ஆபீசில் எனக்கு நாற்காலி இருக்குமா?

வாங்காவிட்டால்: வேறு யாராவது வாங்குவார்கள். வாங்கியவர்கள் குடிவருவார்கள். நாங்கள் சட்டிபானையைத் தூக்க வேண்டியதுதான். இந்த வாடகைக்கு இராஜபாளையத்தில் மாட்டுத்தொழுவம்கூடக் கிடைக்காது.

வாடகை நாலு வருஷமாக ஏறவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மகன் காளிமுத்துவின் கடிதங்கள் இந்த விலாசத்துக்குத்தான் வரும். அந்தம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. மாசம் ஒன்றாம் தேதியானால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறுவார். நான் வாசிப்பேன். அந்தக் கூலியில் ஓடுகிறது என் குடித்தனம்.

எஸ்தர் இன்று சோறு போடும்போது: "வாங்குங்க, இல்லன்னா வேண்டாம்னு சொல்லுங்க. மதில்மேல் பூனையா எம்புட்டு நாளைக்கு இருப்பிய?"

ரசத்தில் உப்புக் கம்மி. அதைச் சொன்னேன்.

நவம்பர் 4, வியாழன்

மழை வெறித்தது. இரவு ஷிப்ட் பார்த்த அசதி. பகலில் வீட்டில் இருந்தேன்.

பதினோரு மணிக்கு அழகர் ராஜாவும் சம்சாரமும் வீடு பார்க்க வந்தார்கள். பஞ்சு கமிஷன் கடைக்காரர். தாயம்மாள்தான் அனுப்பியிருக்கிறார். நானே சுற்றிக் காட்டினேன். கிணற்றில் இறைத்துக் குடித்துப் பார்த்தார். தண்ணீர் நல்ல தண்ணீர். சுவரைத் தட்டிப் பார்த்தார். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "கேட்ட விலைக்கே எடுத்துக்கலாம்" என்றார். அவர் வேட்டி வெள்ளையாக இருந்தது.

கிளம்பும்போது அந்தம்மா கேட்டார். இடுப்பில் பேரன், ஒரு வயசிருக்கும். "வீடு ராசியான வீடுதானுங்களா?"

நான் சொன்னதை இங்கே அப்படியே எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

"ராசிதாம்மா. ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் அவ்வளவா ஆகாதும்பாக. வீட்டுக்காரம்மா புருஷன் இங்கதான் போனாரு. மூத்த பையனும் இங்கதான். நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு அதெல்லாம் இல்ல."

புருஷன் போனது காலராவில், தெருவே பாதி காலியான வருஷம். மூத்தவன் போனது பிறந்த மூன்றாம் மாசம். இரண்டும் நிஜம். நான் செய்ததெல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான். "ஆகாதும்பாக" என்று சொன்னேனே, அப்படி யாரும் சொன்னதில்லை. அது என்னுடையது.

அந்தம்மா பேரனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். புருஷனிடம் தெலுங்கில் மெதுவாக, "மனகு வத்து." நமக்கு வேண்டாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்ததற்கு இந்த அளவு தெலுங்கு புரியும். எஸ்தர் வெட்டி வைத்திருந்த இளநீரைக்கூடக் குடிக்காமல் போனார்கள்.

பிறகு படுத்து நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதுகிறேன்.

நவம்பர் 7, ஞாயிறு

வேதக்கோயிலில் பத்துக் கற்பனைகளைச் சபையார் சேர்ந்து சொல்லும் ஆராதனை. ஒன்பதாவது, 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக', வந்தபோது எனக்கு இருமல். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தர் கைக்குட்டை கொடுத்தாள்.

திரும்பும் வழியில் ரேஷன் கடையில் கூட்டம். மண்ணெண்ணெய் வரவில்லை. சீமை ஊசி ஒரு பாக்கெட், சோடா உப்பு, பையன் ஜெபராஜுக்கு ஸ்லேட்டுக் குச்சி.

நவம்பர் 9, செவ்வாய்

காலை ஆறு மணி ஷிப்ட். டோக்கன் வாங்குகிற ஜன்னலில் நூற்பு ரிங் பகுதி மேஸ்திரி தலையை நீட்டினார். "ஐயா, நீங்க குடியிருக்க வீடு ஆம்பளப் பிள்ளைக்கு ஆகாதாமே? நீங்க எப்படித் தைரியமா இருக்கிய?"

ஐந்து நாள். ஐந்தே நாளில் தெருவைத் தாண்டி, சந்தையைத் தாண்டி மில்லுக்குள் டோக்கன் இல்லாமல் நுழைந்துவிட்டது.

நான் சொன்னது இரண்டு சாவு. மேஸ்திரி கேட்டது மூன்று. உத்திரக்கட்டை ஏதோ இடிவிழுந்த மரத்திலிருந்து வந்ததாம். கிணற்றடியில் செவ்வாய்க்கிழமை சத்தம் கேட்குமாம். இன்று செவ்வாய்க்கிழமை. சாயந்தரம் கிணற்றடியில் முகம் கழுவினேன். கேட்டது, பக்கத்து வீட்டுச் சேவல்.

இதெல்லாம் சும்மா பேச்சு என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கலாம். "நாங்க வேதக்காரங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு என்மேல் மரியாதை கூடியது தெரிந்தது.

வாத்தியார் ஒருவர் வீடு பார்க்க வருவதாக இருந்தது. தெருமுனை வெற்றிலைக் கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாராம். எஸ்தர் சொன்னாள். "என்னமோ இந்த வீட்டப் பத்தி அசிங்கமாப் பேசுதாக. பாவம் அந்தம்மா."

நவம்பர் 12, வெள்ளி

ஜெபராஜுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். கம்பவுண்டர் மிக்ஸ்சர் கொடுத்தார். கசப்பு. பாதியைத் துப்பிவிட்டான். இந்த மழைக்கு ஊரே காய்ச்சலில் கிடக்கிறது. டைம் ஆபீசில் மட்டும் நாலு பேர் லீவு.

மத்தியானம் உடம்பு கொதித்தது. பிதற்றினான். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கிவிட்டேன்.

எஸ்தர் பின்னாலேயே ஓடி வந்தாள். "மழத் தூத்தல்ல எங்க தூக்கிட்டுப் போறிய?"

"எங்க அக்கா வீட்டுக்கு."

"எதுக்கு?"

எதுக்கு. தெருவில் நின்றேன். பிள்ளை தோளில் அனலாக. இந்த வீட்டுக் கூரைக்கு வெளியே இருந்தால் போதும் என்று தோன்றியது. நானே இட்டுக்கட்டிய கதை. நானே பயந்தேன்.

உள்ளே வந்து, பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை ஈரத்துணியை அவன் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அந்தம்மா வரும்போதெல்லாம் இவனுக்குன்னு எதாவது முந்தியில முடிஞ்சுட்டு வருவாக. ஒரு தடவ வெறுங்கையா வந்ததில்ல."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தாயம்மாளிடம் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 14, ஞாயிறு

போகவில்லை. மழை. பஸ் ஓடுமோ என்னவோ. (ஓடியது.)

ஜெபராஜுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தான். ஊறுகாய் கேட்டான்.

நவம்பர் 16, செவ்வாய்

தாயம்மாளே வந்துவிட்டார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. முதல் பஸ். தலையில் முந்தி, அதுவும் நனைந்து. ஜெபராஜுக்குப் பனங்கிழங்கு. உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கேள்விப்பட்டேன் தம்பி. எஞ் சம்பந்தியம்மா சொன்னாக. ஊரே பேசுதாம். எனக்குத்தான் தெரியாமப் போச்சு. அவரு போனாரு, மூத்தவன் போனான். ரெண்டும் இந்த வீட்டுலதான. நான் ஒரு கூறுகெட்டவ, ஒருநாளும் ரெண்டையும் சேத்து நெனைக்கல. இப்ப எளையவன்கிட்டருந்து நாலு மாசமாக் காயிதம் இல்ல."

ரெண்டையும் சேர்த்து வைத்தவன் எதிரில் நிற்கிறேன்.

"எனக்கு வயலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இது எங் கையவிட்டுப் போகணும். வேற எவனுக்கும் குடுத்தா அவன் பிள்ளைக்குப் பாவம். நீங்க வேதக்காரரு, உங்களுக்கு ஒட்டாது. பாதி வெலைக்கு எடுத்துக்கங்க. வார திங்கக்கெழம அங்க வாங்க, பத்திரம் எழுதுதவருகிட்டச் சொல்லிட்டேன்."

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். வந்தது: "யோசிச்சுச் சொல்லுதேன்மா."

அவர் தெருமுனை திரும்பியதும் எஸ்தரைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். "பாதி வெலையா?" என்றாள். அவள் கை சங்கிலியைத் தொட்டது. உடனே எடுத்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளையும் என் வழிக்குக் கொஞ்ச தூரம் கூட்டி வந்துவிட்டேன்.

மூன்று மாசம் முடிவெடுக்க முடியாமல் இருந்தவனுக்கு இன்று கணக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. சேர்த்து வைத்திருப்பதே போதும், கடன் வேண்டாம், மச்சினன் வேண்டாம், சங்கிலி கழுத்திலேயே இருக்கும். பயமே இல்லை. பயமில்லாததுதான் கேவலமாக இருக்கிறது.

நவம்பர் 18, வியாழன்

தபால்காரர், பத்து மணி. பட்டாள முத்திரை. காளிமுத்து.

எப்போதும் நான்தான் பிரிப்பேன். பிரித்தேன். ஊர்ப்பேரைப் பட்டாளத் தணிக்கையில் மையால் அடித்திருக்கிறார்கள். மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், இப்போது சுகமாம், தையில் லீவு கிடைக்குமாம். கடைசியில் நாலு வரி:

"அம்மா வீட்டை விற்றுவிடாதே. நான் வந்து கிணற்றுப் பக்கம் ஒரு ரூம் எடுக்க வேண்டும். குமாஸ்தா சாரிடம் சொல், அவர்களும் இருக்கிற மட்டும் இருக்கட்டும்."

இருக்கிற மட்டும் இருக்கட்டும்.

இதை அந்தம்மாளுக்கு வாசித்துக் காட்டுகிறவன் நான் ஒருவன்தான். அந்த நாலு வரியை விட்டுவிட்டு வாசித்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. அல்லது திங்கட்கிழமை கழித்துக் கடிதம் வந்ததாக வைத்துக்கொண்டால் என்ன என்று. வந்த நினைப்பை எழுதிவிட்டேன். சட்டைப் பையில் வைத்தபடியே ஷிப்டுக்குப் போனேன். நாள் முழுக்க நெஞ்சில் உறுத்தியது, காகிதம்தான் முரட்டுக் காகிதம்.

எஸ்தரிடம் காட்டினேன். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தாள். "சனிக்கெழம போறிய. இடி விழுந்தாலும் போறிய."

நவம்பர் 20, சனி

லீவு போட்டேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். சட்டையெல்லாம் கரி.

தாயம்மாளின் மகள் வீடு, தேர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இரண்டாம் சந்து. கடிதத்தை எடுத்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார், என்னையல்ல, காகிதத்தை. முழுசும் வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். அழுதார், சிரித்தார், மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒருதரம்.

பிறகு சொன்னேன். அழகர் ராஜா வந்தது, நான் சொன்னது, எதற்குச் சொன்னேன் என்பது. வாங்கவும் துணிச்சல் இல்லை, வாடகை வீட்டை விடவும் மனசில்லை, அதனால் சொன்னேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை, நான்தான்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீங்க நல்லவரு தம்பி. பாதி வெலைக்கு எடுக்க மனசு வராம இப்படிப் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிடுதிய."

"இல்லம்மா. நெசமா நான்தான்."

"நான் குடுத்துருதேன்னு செவ்வாக்கெழம வாயால சொன்னேன். வியாழக்கெழம காயிதம் வந்துருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது எழுதி ஒரு மாசம் ஆச்சும்மா. தேதி போட்டிருக்கு."

"தேதி கெடக்கு."

வீட்டை விற்காதே என்று மகனே எழுதியிருக்கிறான் என்றேன். "அவன் சின்னப் பய, அவனுக்கு என்ன தெரியும். வீடு எதுக்கு, அவன் உசிரோட வந்தாப் போதும்."

அப்படியானால் நான் வாங்கமாட்டேன் என்றேன். அதுவாவது நல்லதைச் செய்யும் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேதக்காரரே பயப்படுதாரு" என்றார் மெதுவாக.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா: "நான் அன்னைக்கே சொல்லல?"

நான் எடுக்காவிட்டால் ஒரு புரோக்கர் கால் விலைக்குக் கேட்கிறானாம், அவனிடமே தள்ளிவிடுகிறாராம். வாங்கினால் திருடன். வாங்காவிட்டால் என் பொய்க்கு நானே சாட்சி. திரும்பும்போது பஸ்ஸைத் தள்ள நான் இறங்கவில்லை. ஒருவர் முறைத்தார்.

நவம்பர் 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

எஸ்தர் திரும்பி வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல்: "ஒத்திக்குக் கேளுங்க."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை. அதே பாதித் தொகையை ஒத்தியாகக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது. வாடகை கிடையாது, வட்டி கிடையாது. காளிமுத்து வந்து எப்போது தொகையைத் திருப்பித் தருகிறானோ அன்றைக்கு வீட்டை விட்டுவிட வேண்டும். அந்தம்மாளுக்கு வயலுக்குக் கையில் காசு. மகனுக்கு வீடு நிற்கும். எங்களுக்கு வீடு சொந்தமில்லை, வாடகையுமில்லை. எனக்கு ஏற்ற நிலைமைதான்.

நவம்பர் 22, திங்கள்

வெயில். எஸ்தரும் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் பெஞ்சு.

ஒத்தி என்றதும் தாயம்மாள் பின்வாங்கினார். "வீடு எம் பேர்லதான இருக்கும்? அப்ப அந்தக் கேடு எங்க போகும்? எம் பிள்ளையத்தான தேடிப் போகும்?"

அப்படி ஒரு கேடே இல்லை என்று இன்னொரு தரம் சொன்னேன். கேட்கவில்லை. எழுந்துவிட்டார். சந்துமுனையில் அந்தப் புரோக்கர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றான்.

நான் சொன்னது, அப்படியே:

"ஒத்தி எழுதிட்டா, குடியிருக்கவன் தலையிலதாம்மா அதெல்லாம் விழும். உங்க மகனைத் தொடாது."

பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, "அதுவும் சரிதான், அப்படித்தான் சொல்லுவாக" என்றார். இந்தக் கதையும் இனி ஊரில் நடமாடும்.

தாயம்மாள் உட்கார்ந்தார். எஸ்தரைப் பார்த்தார். "அப்ப உங்க ஜெபராஜு?"

"எங்களுக்கு ஒட்டாது" என்றேன். எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசுக்குள் போய்ப் பெருவிரல் ரேகை வைத்தார். வெளியே வந்து, மை விரலை எதில் துடைப்பதென்று தெரியாமல் தனியாக நீட்டிக்கொண்டு, எஸ்தர் கையை இன்னொரு கையால் பிடித்தார்.

"எம் பிள்ளைக்குள்ளத நீங்க ஏத்துக்கிட்டிய. நான் சும்மா இருக்கலாமா? வார ஆடிக்கு இருக்கன்குடி மாரிக்கு உங்க ஜெபராஜு பேரச் சொல்லி அக்கினிச்சட்டி எடுக்கேன். வருசாவருசம் எடுக்கேன். நான் இருக்கிற மட்டும்."

வேண்டாம் என்றோம். இருவரும் சொன்னோம். நேர்ந்தது நேர்ந்ததுதானாம்.

நவம்பர் 23, செவ்வாய்

மறுபடி மழை. அடுப்படி ஒழுகல். இனி ஓடு மாற்றுவது என் பொறுப்பு. ஏணி இரவல் கேட்க வேண்டும். ஓடு எட்டு, இல்லை பத்து.

இன்று காலை எஸ்தர் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தம்மா படி ஏறவே செவரப் பிடிக்காக. அக்கினிச்சட்டிய எப்படித் தூக்குவாக?"